பிறந்த குழந்தைக்கு மார்க் போட்ட டாக்டர்

பிரசவ வார்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் தகப்பனாருக்கு உள்ளே நடப்பது தெரியாது. குழந்தை பிறந்த ஒரே நிமிடத்தில் அதற்கு ஒரு பரீட்சை நடந்து முடிந்துவிடுகிறது. ஐந்து பாடங்கள், பாடத்துக்கு இரண்டு மார்க், மொத்தம் பத்து. இந்தப் பரீட்சையை ஏற்படுத்தியவர் டாக்டர் வெர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்கப் பெண்மணி. திருமணமே செய்துகொள்ளாதவர்.

1909 ஜூன் 7-ந் தேதி நியூ ஜெர்ஸி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். அண்ணன் ஒருவர் சிறு வயதிலேயே காசநோய்க்குப் பலியானார். இன்னொருவர் தீராத நோயாளி. டாக்டர் ஆவது என்று வெர்ஜீனியா பள்ளி நாட்களிலேயே முடிவு செய்துவிட்டார். பல சில்லறை வேலைகள் பார்த்துக்கொண்டே கல்லூரிப் படிப்பை முடித்தார். 1933-ல் நியூயார்க் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் வகுப்பில் நான்காவதாகத் தேறி வெளியே வந்தபோது தலைமேல் கடன் இருந்தது.

ஆபரேஷன் செய்யும் சர்ஜனாக வேண்டும் என்பதே அவர் ஆசை. பெண் சர்ஜனைத் தேடி நோயாளிகள் வரமாட்டார்கள் என்று எண்ணிய மேலதிகாரி, மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி யோசனை சொன்னார். அந்நாளில் அது பெரும்பாலும் நர்ஸ்கள் பார்த்துவந்த வேலை. ஆப்கார் அதையே ஊன்றிக் கற்றார். 1938-ல் கொலம்பியாவில் அப்பிரிவுக்குத் தலைவரானார். 1949-ல் அக்கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார்.

பிரசவ அறையில் அவர் கண்ட ஒரு விஷயம் அவரை உறுத்தியது. அமெரிக்காவில் சிசு மரணம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவந்தது. ஆனால் பிறந்த முதல் நாளில் சாகும் குழந்தைகள் மட்டும் குறையவில்லை. எல்லோர் கவனமும் தாய் மீதே இருந்தது. மூச்சுத் திணறி, நீலம் பாய்ந்து பிறந்த குழந்தையைச் செத்துப் பிறந்ததாகவே ஒதுக்கிவிடுவதும் உண்டு.

1949-ல் ஒரு நாள் காலைச் சிற்றுண்டியின்போது மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படிக் கணிப்பது என்று கேட்டார். ஆப்கார் கையில் கிடைத்த காகிதத்தில் ஐந்து குறிப்புகளை எழுதினார். இதயத் துடிப்பு, மூச்சு, தசைகளின் முறுக்கு, தொட்டால் சிணுங்குதல், உடம்பின் நிறம். ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கணித்துப் பார்த்து, 1952-ல் டாக்டர்கள் மாநாட்டில் இதை அறிவித்தார். 1953-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதற்கு மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. மார்க் போட வேண்டுமானால் யாராவது குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும். மூன்றோ நான்கோ வந்தால் சும்மா நிற்க முடியாது. மூச்சுக்குழலைச் சுத்தம் செய், பிராணவாயு கொடு, உடம்பைச் சூடாக்கு என்று கைகள் பரபரக்கும். ஐந்தாம் நிமிடத்தில் மறுபடி மார்க் போடும் வழக்கமும் பின்னர் வந்தது.

இந்த அளவுகோல் ஆப்காரையே ஒரு முறை தோற்கடித்தது. பிரசவத்துக்கு அவர் விரும்பிக் கொடுத்துவந்த மயக்க மருந்து சைக்ளோபுரோப்பேன். அது கொடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் குறைந்த மார்க் வாங்குவது கணக்கில் தெரிந்ததும், பிடிவாதம் பிடிக்காமல் அதைக் கைவிட்டார்.

ஐம்பது வயதில் பொதுச் சுகாதாரம் படித்து, பிறவிக் குறைகளைத் தடுக்கும் பிரசாரத்தில் இறங்கினார். மூச்சடைத்தவர் எங்கே எதிர்ப்பட்டாலும் உதவுவதற்காகக் கைப்பையில் பேனாக்கத்தியும் ரப்பர் குழாயும் வைத்திருப்பாராம். ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பார். வயலினைத் தம் கையாலேயே செய்யவும் செய்வார்.

1974 ஆகஸ்ட் 7-ந் தேதி, தாம் பணி செய்த நியூயார்க் ஆஸ்பத்திரியிலேயே காலமானார். 1994-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

பிழைக்க வந்த ஊரில், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வராந்தாவில் நிற்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் பேர் வைக்கும் முன்பே அவர் குழந்தையின் கேஸ் ஷீட்டில் ஏறிவிடுகிறது, ஆப்கார் மார்க்.