மெகஸ்தனிஸ்

மெகஸ்தனிஸ் (ஏறத்தாழ கி.மு. 350 – கி.மு. 290) என்பவர் பண்டைய கிரேக்கத் தூதுவரும் வரலாற்று நூலாசிரியரும் ஆவார். அலெக்சாந்தரின் படைத்தலைவர்களுள் ஒருவராக இருந்து பின்னர் அரசரான செலூக்கஸ் நிக்கேட்டரின் தூதுவராக, சந்திரகுப்த மௌரியரின் தலைநகரான பாடலிபுத்திரத்துக்கு வந்தார். தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இண்டிகா என்னும் நூலில் எழுதினார். கிரேக்கரின் மதுக் கடவுளான டயோனிசஸ் இந்தியாவுக்கு வந்த கதையும், பாண்டிய நாட்டைப் பற்றிய மிகப் பழைய கிரேக்கக் குறிப்புகளுள் ஒன்றும் இவர் வழியாகவே அறியப்படுகின்றன.

வாழ்க்கை

மெகஸ்தனிசின் பிறப்பு, இளமை பற்றிய செய்திகள் கிடைக்கவில்லை. இவர் அரக்கோசியா (இன்றைய ஆப்கானித்தானின் தென்பகுதி) ஆளுநரான சிபிர்தியசுடன் வாழ்ந்தார் என்றும், அங்கிருந்து சந்திரகுப்தரைப் பலமுறை சென்று கண்டார் என்றும் அரியன் என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். செலூக்கசும் சந்திரகுப்தரும் கி.மு. 303 அளவில் உடன்படிக்கை செய்துகொண்டனர். இதன்படி செலூக்கஸ் 500 யானைகளைப் பெற்றார். இதற்குப் பின்னரே மெகஸ்தனிஸ் தூது வந்தார் என்பது பொதுவான கருத்து. அதற்கு முன்பே வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

இண்டிகா

இண்டிகா நூல் அழிந்துவிட்டது. டியோடோரஸ், ஸ்டிராபோ, பிளினி, அரியன் முதலிய பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. இவற்றை செர்மானிய அறிஞர் சுவான்பெக் தொகுத்து 1846 இல் வெளியிட்டார். மெக்கிரிண்டிலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1877 இல் வெளிவந்தது.

பாடலிபுத்திரத்தைச் சுற்றி மரத்தாலான மதில் இருந்தது என்றும், அதில் 570 காவற்கோபுரங்களும் 64 வாயில்களும் இருந்தன என்றும் மெகஸ்தனிஸ் எழுதினார். மக்கள் ஏழு பிரிவினராக வாழ்ந்தனர் என்பதும் இவர் தரும் செய்தியாகும்.

டயோனிசசும் சாட்டிர்களும்

சாட்டிர்கள் என்போர் கிரேக்கத் தொன்மவியலில் காடுகளில் வாழும் ஆண் தேவதைகள். மனித உடலும் குதிரையின் காதும் வாலும் உடையோராகப் பழைய சிற்பங்களிலும் மட்கல ஓவியங்களிலும் காட்டப்படுகின்றனர். ஆட்டுக்கால் உடைய உருவம் பிற்காலத்தது. சிவபெருமானுக்குப் பூதகணங்கள் போல, டயோனிசசுக்கு இவர்கள் பரிவாரம். மது அருந்தி ஆடிப்பாடித் திரிபவர்கள்.

மெகஸ்தனிசைப் பின்பற்றி அரியன் தரும் செய்தியின்படி, இந்தியர் முற்காலத்தில் நிலையான ஊரின்றித் திரிந்தனர். டயோனிசஸ் வந்து நகரங்களை அமைத்து, சட்டங்களை வகுத்து, உழவையும் திராட்சை மதுவையும் அறிமுகப்படுத்தினார். முரசும் கைத்தாளமும் முழங்கக் கடவுளரை வழிபடவும், கிரேக்கர் கோர்டாக்ஸ் என்று அழைக்கும் சாட்டிர் கூத்தை ஆடவும் கற்பித்தார். டயோனிசஸ் முதல் சந்திரகுப்தர் வரை 153 அரசர்கள் 6042 ஆண்டுகள் ஆண்டனர் என்ற கணக்கும் இதனுடன் வருகிறது.

இக்கதையின் ஒரு பகுதி அலெக்சாந்தரின் படையினரிடையே முன்பே வழங்கியது. மேரு என்ற மலைப்பெயர், தொடையைக் குறிக்கும் மேரோஸ் என்னும் கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு நினைவூட்டியது. டயோனிசஸ் தம் தந்தை சியூசின் தொடையில் வளர்ந்தவர் என்பது கிரேக்கர் நம்பிக்கை. மலையில் உறையும் தெய்வம், முரசு, கூத்து ஆகியவற்றைக் கண்ட மெகஸ்தனிஸ், சிவ வழிபாட்டையே டயோனிசஸ் வழிபாடாகக் கொண்டார் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் இந்தியர் வேள்வியில் அன்றி மது அருந்துவதில்லை என்றும், அவர்களின் மது அரிசியிலிருந்து செய்யப்படுவது என்றும் இவரே எழுதியுள்ளார். திராட்சை மதுக் கடவுளின் நாடு என்ற கதைக்கும் இவர் நேரில் அறிந்த வழக்கத்துக்கும் உள்ள இடைவெளி இங்கே வெளிப்படுகிறது.

பாண்டிய நாடு

ஹெராக்ளீஸ் என்னும் வீரனுக்கு இந்தியாவில் பாண்டையா என்ற மகள் பிறந்தாள் என்றும், அவள் ஆண்ட நாடு அவள் பெயரையே பெற்றது என்றும் இண்டிகா கூறியது. 500 யானைகள், 4,000 குதிரை வீரர்கள், 1,30,000 காலாட்படையினர் கொண்ட படையை அவள் பெற்றாள். இதனை மதுரையை ஆண்ட தடாதகைப் பிராட்டியின் கதையோடு ஒப்பிடுவோர் உண்டு. மெகஸ்தனிஸ் தமிழகம் வந்ததற்குச் சான்றில்லை. வடக்கே கேட்டறிந்ததையே எழுதியிருக்க வேண்டும். எனினும் பாண்டியர் கற்பனை மாந்தர் அல்லர் என்பதை கி.மு. 3 ஆம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டுகள் உறுதிசெய்கின்றன.

மதிப்பீடு

இந்தியாவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் பொய்யர் என்று கூறிய ஸ்டிராபோ, அவர்களுள் மெகஸ்தனிசையும் சேர்த்தார். வாயில்லாத மனிதர் போன்ற செய்திகள் இதற்குக் காரணமாயின. ஆனால் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாட்னாவை அடுத்த புலந்திபாக்கில் நடந்த அகழாய்வில் மரமதிலின் எச்சங்கள் வெளிப்பட்டன. நேரில் கண்டதை எழுதும்போது இவர் பெரிதும் நம்பத்தக்கவர் என்பதும், தெய்வங்களைப் பற்றி எழுதும்போது தம் நாட்டுக் கதைகளின் வழியே பார்த்தார் என்பதும் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவாகும்.

டயோனிசஸ் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட திராட்சை மது, பின்னாளில் வணிகர் மூலம் உண்மையாகவே தமிழகக் கடற்கரையை அடைந்தது. புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டு இருப்பது போல, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. அங்கு 1945 இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவை மெகஸ்தனிசுக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டவை.