ஹென்றி மாட்ஸ்லே

மரத்தைக் கடைந்து பம்பரமும் தொட்டிற்காலும் ஆக்குங் கடைசற்காரனை நம்மிற் பலரும் கண்டிருப்போம். சுழலும் மரத்தின்மேல் உளியைக் கையாற் பிடித்துக் கண்ணளவும் கைப்பழக்கமுமே துணையாக அவன் தன் தொழிலை முடிக்கின்றான். மரத்திற்கு இது போதும். இரும்பையும் பித்தளையையும் இவ்வாறே கடையப் புகுந்தாலோ கை சோர்ந்துவிடும்; உளி நூலளவு அசையினும் வேலை கெடும். ஒன்றைப்போல் மற்றொன்றைக் கடைவது ஏறக்குறைய இயலாத காரியமே. இக்குறையை நீக்கிய தொழிலாளருள் தலைசிறந்தவர் ஹென்றி மாட்ஸ்லே என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் தேதி லண்டனுக்கு அணித்தாயுள்ள வுல்விச்சிற் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் அவ்வூர்ப் படைக்கலச் சாலையிற் புகுந்து தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலையை மேற்கொண்டார். பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். ஆயினும் அவர் மனம் முழுவதும் அடுத்திருந்த கொல்லுலையிலேயே பதிந்திருந்தது. முடிவில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பதினெட்டு வயதிற்குள் அவருடைய கைத்திறம் வெளியூரிலும் பேசப்படலாயிற்று.

அக்காலத்தில் ஜோசப் பிராமா என்பவர் கள்வர் திறக்கவொண்ணாப் பூட்டொன்றைக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்தும் பயன் என்? அதன் நுண்ணிய உறுப்புக்களைப் பிழையின்றிச் செய்து தரத்தக்க கைகள் கிடைத்தில. மாட்ஸ்லேயை அழைத்து வேலையில் அமர்த்திய பின்னரே அவர் கவலை தீர்ந்தது. திறப்பார்க்கு 200 கினி பரிசென்று அறிவித்துக் கடை முகப்பில் வைத்திருந்த அப்பூட்டு 1851-ஆம் ஆண்டுவரை எவர்க்கும் இணங்கவில்லை. அவ்வாண்டில் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் பல நாள் முயன்று, ஐம்பது மணிக்கு மேற்பட்ட உழைப்பால் அதனைத் திறந்தார்.

மாட்ஸ்லே அப்பட்டறையின் தலைமைத் தொழிலாளராக உயர்ந்தார். மணஞ்செய்து மக்களையும் பெற்றார். வாரச் சம்பளமோ 30 ஷில்லிங்கே. 1797-இல் சற்று உயர்த்தித் தரும்படி கேட்டபோது பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வேலையை விட்டு நீங்கி, லண்டனில் வெல்ஸ் தெருவில் ஒரு சிறு பட்டறை வைத்தார். குடும்பத்தோடு அவர் துணிந்த துணிவு சிறிதன்று. முதன்முதல் அவருக்குக் கிடைத்த வேலை, ஓவியர் ஒருவர் படம் வைத்தெழுதும் சட்டத்திற்கு இரும்பு வேலை செய்து கொடுத்ததேயாம்.

அக்காலத்தில் அவர் ஆக்கிய கடைசல் யந்திரமே அவர் பெயரை நிலைநிறுத்திற்று. அதில் உளியைப் பிடிப்பது கையன்று. நேராகச் செப்பஞ்செய்த இரண்டு முக்கோண இரும்புத் தண்டுகளின்மேல் வழுக்கிச் செல்லும் ஒரு தாங்கியே பிடிக்கும். அத்தாங்கியை ஒரு நீண்ட திருகு நகர்த்தும். கடையப்படும் பொருளும் அத்திருகும் பற்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருக்கும். நீண்ட திருகில் அங்குலத்திற்கு 10 புரிகள் இருப்பின், அது ஒருமுறை சுழலும்போது கடைபொருள் இருமுறை சுழலுமாறு சக்கரங்களை மாட்டினால், 20 புரியுடைய திருகு உண்டாகும். சக்கரத்தை மாற்றப் புரியும் மாறும்.

இதிற் பெரியதோர் இடர் உண்டு. நல்ல திருகைக் கடைய முன்னரே ஒரு நல்ல திருகு வேண்டுமன்றோ? சுழலும் மெல்லிய உலோக உருளையின்மீது ஒரு கத்தியைச் சாய்வாகப் பதித்து, அது தானே முன்னேறிச் சுருட்கோடு கீறும்படி செய்தார் மாட்ஸ்லே. அவ்வாறு பலவற்றைக் கீறி, நல்லதைத் தெரிந்துகொண்டார். வீட்டுக் கொட்டிலில் அலுமினியத்தை உருக்கி வார்த்துக் குறைந்த செலவிற் கடைசல் யந்திரம் செய்துகொள்ளும் இக்காலத்தாருக்குத் திருகு கடையில் விலைக்குக் கிடைக்கும். ஆயினும் நேரான படுகையை அவர்களே அரித்தெடுத்தல் வேண்டும். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்து ஏமாற்றலாம். மூன்றை மாறிமாறி ஒப்பிட்டால் அவ்வேமாற்றம் நில்லாது. மாட்ஸ்லே தம் தொழிலாளர் மேசைகளிற் செப்பமான சமதளத் தகடுகளை வைத்திருந்த காரணம் இதனால் விளங்கும்.

தாங்கியை முதலிற் கண்டவர் அவரே என்று சிலர் எழுதுவது பொருந்தாது. பிரான்சில் வோக்கான்சோன் முதலியோர் அவருக்கு முன்னரே அத்தகையவற்றைச் செய்திருந்தனர். சிதறிக் கிடந்தவற்றை உறுதியான இரும்பில் ஒன்றுகூட்டித் தினசரித் தொழிலுக்கு உதவச்செய்ததே மாட்ஸ்லேயின் பெருமை; அது குறைந்த பெருமையன்று என்பது எம் கருத்து.

பின்பு மார்க் பிரூனல் வகுத்தவாறு, போர்ட்ஸ்மத் கப்பற்றுறைக்குக் கப்பிகள் செய்யும் யந்திரங்கள் 45-ஐ அவர் செய்து கொடுத்தார். தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையை, பயிற்சியில்லாத 10 பேர் அவற்றால் முடித்தனர். வேலையிழந்த கைவினைஞர் நிலையை எண்ணும்போது இப்புகழில் ஒரு நிழலும் விழுகின்றது. 1810-இல் பட்டறை லாம்பெத்திற்குப் பெயர்ந்தது. ராபர்ட்ஸ், கிளெமெண்ட், விட்வொர்த், நாஸ்மித் ஆகிய யந்திர வல்லுநர் அவரிடம் வேலை பயின்றவரே. அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கை அளக்குங் கருவியொன்றையும் அவர் செய்து, ‘லார்டு சான்சலர்’ எனப் பெயரிட்டார். அளவைப் பற்றிய வழக்குகளுக்கு அதன் தீர்ப்பே முடிவு.

பிரான்சிலிருந்த நண்பரொருவரைக் கண்டு திரும்புகையிற் கடற்குளிர் தாக்க நோயுற்று, 1831-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-இல் இறந்தார். வுல்விச்சில் அவர் உடல் அடக்கப்பட்டது. கல்லறைச் சின்னத்தைத் தாமே முன்னர் வரைந்து வைத்திருந்தார். அது கல்லாலன்று, வார்ப்பிரும்பால் ஆக்கப்பட்டது.