வெண்பனியை எங்கே போடுவது? பனி வீசும் இயந்திரம் தந்த ஆர்தூர் சிக்கார்

மார்கழி பிறந்துவிட்டால் கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும்: 'சினோ'. இரவிரவாகக் கொட்டியது, காலையில் கதவைத் திறக்க முடியவில்லை, வேலைக்குப் போகமுன் காரை வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம் சவளால் அள்ளினேன் என்று மறுமுனையில் சலித்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அது எவ்வளவு பாரமான வேலை என்பது முழுதாக விளங்குவதில்லை. படங்களில் பஞ்சு போலத் தெரிகிற ஒன்று எப்படிப் பாரமாக இருக்கும்?

ஒரு சிறு கணக்குப் பார்த்தால் விளங்கும். வீட்டு வாசலிலிருந்து வீதி வரையுள்ள கார்ப்பாதை 6 மீற்றர் அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 25 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 18 கன மீற்றர் பனி சேரும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீற்றருக்கு 100 கிலோகிராம் என்று கொண்டாலும் அது 1.8 தொன். அதே அளவு பனி ஈரத்தோடு இறுகிக் கிடந்தால் 5 தொன்னைத் தாண்டிவிடும். ஒரு சிறிய லொறிச் சுமையை ஒருவர் கையால் அள்ளி ஓரத்தில் போடுகிறார் என்பதுதான் அதன் பொருள்.

இந்தப் பாரத்தை மனிதத் தோளிலிருந்து இறக்க வேண்டும் என்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் மனதில் போட்டு உழன்றவர் ஒரு பால்பண்ணைக்காரர். அவர் பெயர் ஆர்தூர் சிக்கார்.

பால் போகாத காலைகள்

சிக்கார் 1876ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி, கியூபெக் மாகாணத்தின் சென்-லெயோனார் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது மொன்றியல் மாநகரின் ஒரு பகுதி. அன்று அது மொன்றியல் தீவில் இருந்த பிரெஞ்சு மொழி பேசும் விவசாயிகளின் கிராமம். அவருடைய குடும்பம் பால்பண்ணை வைத்திருந்தது.

பால்பண்ணைக்காரருக்கு விடுமுறை கிடையாது. மழையோ பனியோ, மாடு கறந்தே ஆகவேண்டும். கறந்த பால் கெடுமுன் விற்கும் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். மொன்றியலில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 2 மீற்றருக்கு மேல் பனி விழும். வீதி மூடிப்போனால் வண்டி நகராது. பால் வீட்டிலேயே கிடக்கும். அந்த நாளின் வருமானம் போய்விடும்.

அந்தக் காலத்தில் கனடாவின் நகரங்கள் பனியை அகற்ற அவ்வளவாக முயலவில்லை. குதிரைகள் இழுக்கும் பெரிய உருளைகளை உருட்டி, விழுந்த பனியை அழுத்தி இறுக்கிவிடுவார்கள். அதன்மேல் சறுக்கு வண்டிகள் ஓடும். நகரம் பனியோடு ஒத்துப்போய் வாழ்ந்தது என்று சொல்லலாம். ஆனால் கிராமத்து வீதியில் காற்று அள்ளிக் கொண்டுவந்து குவிக்கும் பனிக்கு உருளையால் பயனில்லை. அங்கே சவள்தான்.

சூடடிக்கும் இயந்திரத்தில் கிடைத்த யோசனை

1894ஆம் ஆண்டு, 18 வயதை நெருங்கிக்கொண்டிருந்த சிக்கார், அயல் பண்ணையொன்றில் கோதுமை சூடடிக்கும் இயந்திரம் ஓடுவதைப் பார்த்தார். சுழலும் பாகங்கள் கதிரை உள்ளே இழுக்கின்றன. தானியம் ஒரு பக்கம் போகிறது. வைக்கோல் மறுபக்கத்தால் வெளியே வீசப்படுகிறது. வைக்கோலை இப்படி வீச முடியுமென்றால் பனியை ஏன் வீச முடியாது என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

கேட்பதற்கு இலகுவான கேள்வி. செய்துபார்த்தபோது பனி வைக்கோலைப் போல நடந்துகொள்ளவில்லை. உலர்ந்த பனி தூளாகப் பறக்கும். ஈரப்பனி களிமண் போல ஒட்டி அடைத்துக்கொள்ளும். நாட்பட்ட பனி கல்லாக இறுகிவிடும். இம்மூன்றையும் ஒரே இயந்திரம் சமாளிக்க வேண்டும். தொடக்க முயற்சிகள் தோற்றன. அயலவர்கள் அவரைக் கேலி செய்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

பனியைச் சுழற்றி வீசும் எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. எலியட் என்ற பல் வைத்தியர் 1869இலேயே புகையிரதப் பாதைகளுக்கான சுழல் பனிக்கலப்பையை வடிவமைத்திருந்தார். பின்னர் ஒன்ராறியோவின் ஒறேஞ்ச்வில்லைச் சேர்ந்த ஒறேஞ்ச் ஜல் என்பவரும் லெஸ்லி சகோதரர்களும் அந்த எண்ணத்தை 1880களில் ஓடும் இயந்திரமாக்கினார்கள். ஆனால் அவை நீராவியில் இயங்கும் பிரமாண்டமான பொறிகள். தண்டவாளத்தை விட்டு அவற்றால் இறங்க முடியாது. பால்காரரின் வீதிக்கு அவை வரப்போவதில்லை.

சிக்காரின் முயற்சிக்குத் தடையாக இருந்தது காலமும்தான். அவர் யோசித்த இயந்திரத்துக்கு வீதியில் ஓடக்கூடிய, பாரம் குறைந்த, வலுக்கூடிய ஓர் எஞ்ஜின் தேவை. மொன்றியல் வீதியில் முதல் மோட்டார் வாகனம் ஓடியதே 1899இல்தான். அவரது யோசனை அவர் காலத்துக்குச் சற்று முந்திப் பிறந்துவிட்டது.

காத்திருந்த ஆண்டுகள்

சிக்கார் பண்ணையை விட்டு வெளியேறி வீதி அமைக்கும் ஒப்பந்தகாரரானார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் தன் கனவைக் கைவிட்டது போலத் தோன்றும். ஆனால் வீதியையும், பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் வேலையையும், அதற்கான வாகனங்களையும் அவர் அருகிலிருந்து அறிந்துகொண்டது அந்த ஆண்டுகளில்தான்.

அதேவேளை நகரமும் மாறிக்கொண்டிருந்தது. குதிரைகளின் இடத்தை மோட்டார் கார்கள் பிடித்தன. சறுக்கு வண்டிக்கு வேண்டியிருந்த இறுகிய பனி, காரின் சில்லுக்கு எதிரியானது. அதுவரை அழுத்தி வைத்த பனியை இப்போது அகற்றியே ஆகவேண்டும். கலப்பை பூட்டிய வாகனங்கள் பனியை ஓரத்துக்குத் தள்ளின. ஆனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் ஓரத்துக் குவியல் உயர்ந்தது; வீதி ஒடுங்கியது. தள்ளுவதற்கு இடம் தீர்ந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கலப்பையிடம் பதில் இல்லை.

1925இல் சிக்காரின் இயந்திரம் அந்தப் பதிலோடு வெளியே வந்தது. அப்போது அவருக்கு வயது 48. நான்கு சில்லுகளும் உந்தும் லொறியின் அடித்தளத்தின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. முன்புறத்தில் சுழலும் பாகம் பனியை வெட்டி உள்ளே இழுத்தது. உள்ளேயிருந்த விசிறி அதை ஒரு குழாய் வழியே வெளியே எறிந்தது. லொறியை ஓட்ட ஓர் எஞ்ஜின், பனியை வீசத் தனியாக இன்னோர் எஞ்ஜின். இதனால் வண்டி மெதுவாக ஊர்ந்தாலும் விசிறியின் வேகம் குறையவில்லை. குழாயைத் திருப்பி, பனியைப் பின்னால் வரும் லொறிக்குள் கொட்டலாம். அல்லது சுமார் 90 அடி தூரத்துக்கு அப்பால் வீசலாம். பொடிப்பனி, ஈரப்பனி, இறுகிய பனி மூன்றையும் அது சமாளித்தது.

1927இல் மொன்றியலை ஒட்டியிருந்த ஊட்றமோன் நகரசபை முதலாவது இயந்திரத்தை வாங்கியது. சிக்கார் தன் பெயரில் நிறுவனத்தை வளர்த்தார். பிற்காலத்தில் அது மொன்றியலுக்கு வடக்கேயுள்ள சென்ற்-தெரேஸ் நகரில் இயங்கியது. நகரசபைகளும் விமான நிலையங்களும் நம்பியிருக்கும் பெரிய பனி வீசும் இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவையே. 1946ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி சிக்கார் காலமானார்.

இன்னொருவர் தேடிய வேறு வழி

அதே கியூபெக்கில், அதே பனி இன்னொருவரை வேறு திசையில் கொண்டுபோனது. வல்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மண்ட் பொம்பார்டியே என்ற இளம் மெக்கானிக், 1934இல் தன் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தார். குழந்தைக்கு வயிற்றில் கடும் தொற்று. பனி மூடிய வீதியால் வைத்தியசாலைக்குப் போக முடியவில்லை. பனியை அகற்ற முடியாவிட்டால் அதன் மேலால் ஓடவேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. அவர் வடிவமைத்த ஏழு பேர் பயணிக்கும் பனி வாகனம் 1937இல் விற்பனைக்கு வந்தது. மருத்துவர்களுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அத்தகைய வாகனங்கள் உதவின.

ஆனால் 1940களின் இறுதியில் கிராமப்புற வீதிகளிலும் பனியை அகற்றுவதென்று கியூபெக் அரசு முடிவெடுத்தபோது பொம்பார்டியேயின் விற்பனை சரிந்தது. வீதி திறந்திருந்தால் மக்கள் சாதாரணக் காரிலேயே போய்விடுகிறார்கள். அவர் வேறு இயந்திரங்களுக்கு மாறி மீண்டெழுந்தார் என்பது தனிக்கதை. பனியின் மேலால் ஓடும் வழியைவிட, பனியை அகற்றும் வழியே அன்றாட வாழ்க்கையில் வென்றது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது

சிக்காரின் லொறி வீட்டு வாசலுக்குப் பொருந்தாது. 1950களிலும் 60களிலும்தான் கையால் பிடித்து நடத்தும் சிறிய இயந்திரங்கள் வட அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. இன்று கடையில் நிற்பவற்றுள் எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள், சிக்காரின் இயந்திரத்தை நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பனியை அள்ளுவது ஒரு வேலை. வீசுவது இன்னொரு வேலை.

'ஒற்றைக் கட்ட' இயந்திரத்தில் இரண்டையும் ஒரே சுழலி செய்கிறது. அது பாரம் குறைந்தது, விலையும் குறைவு. அதன் இறப்பர் விளிம்பு தரையைத் தொட்டுச் சுரண்டுவதால் தார் அல்லது கொங்கிறீற் தரைக்கு நல்லது. 20 சென்ரிமீற்றர் வரையான இலகு பனிக்கு அது போதும். கல் பரவிய பாதையில் அதை ஓட்டினால் பனியோடு கல்லும் பறக்கும்.

'இரட்டைக் கட்ட' இயந்திரம் சிக்காரின் வழியைப் பின்பற்றுவது. முன்னே உருக்குச் சுழலி அள்ளுகிறது; பின்னே தனி விசிறி வீசுகிறது. அது தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்பதால் கல் பாதையிலும் ஓடும். சில்லுகளை எஞ்ஜினே நகர்த்தும். நகரசபைக் கலப்பை வீதியைத் துப்புரவாக்கிவிட்டு வீட்டு வாசலுக்குக் குறுக்கே விட்டுச்செல்லும் பனி வரம்பு இருக்கிறதே, ஈரமும் கட்டியுமான அந்த வரம்பை உடைக்க இதுவே ஏற்றது. ஆனால் இது பாரமானது. விலை கூடியது. நிறுத்திவைக்கக் கராஜில் இடமும் வேண்டும்.

பற்றறியில் ஓடுபவை சத்தம் குறைந்தவை. கடுங்குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கும் என்பதால், பாதை நீளமானால் யோசிக்கவேண்டும். ஒரு கார் மட்டும் நிற்கும் குறுகிய பாதைக்கு நல்ல சவள் ஒன்றே போதும். அதையும் தூக்கி எறியாமல் தள்ளப் பழகவேண்டும்; முழுவதும் விழுந்து முடியும்வரை காத்திராமல் இரண்டு மூன்று தடவையாக அகற்றவேண்டும். எதை வாங்கினாலும் முதலில் முற்றத்தில் நின்று பார்க்கவேண்டியது, அகற்றும் பனியை எங்கே போடப்போகிறோம் என்பதுதான். இரு பக்கமும் வீடுகள் நெருங்கியிருந்தால் 10 மீற்றர் தூரம் வீசும் இயந்திரம் அயலவரோடு சண்டையைத்தான் கொண்டுவரும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சல்ல. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரிப்பதைக் கண்டார்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அந்த நேரத்தில் பாரம் தூக்கினால் இதயத்தின் சுமை ஏறுகிறது. ஐம்பதைக் கடந்தவர்களும் இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் சவளைக் கையில் எடுக்குமுன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. இயந்திரத்திலும் ஆபத்து உண்டு. குழாய் அடைத்துக்கொண்டால் எஞ்ஜினை நிறுத்திய பின்னும் கையை உள்ளே விடக்கூடாது. இறுகி நிற்கும் சுழலி, அடைப்பு விலகியதும் சட்டென்று சுழன்று விரலைக் கொண்டுபோய்விடும். தடியால்தான் தள்ளவேண்டும். பெற்றோல் இயந்திரத்தைக் கராஜுக்குள் ஓடவிடவும் கூடாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை.

சிக்காரின் முதல் இயந்திரத்தை வாங்கிய ஊட்றமோன் இன்று மொன்றியல் மாநகரின் ஒரு பகுதி. அதை ஒட்டி வடக்கே இருப்பது பார்க் எக்ஸ்ரென்சன். நம்மவர்கள் பலர் கனடா வாழ்க்கையைத் தொடங்கிய இடம் அது. பெரும் பனிக்குப் பின் அந்த வீதிகளில் பனி வீசும் இயந்திரமும் அதன் பக்கத்தில் லொறி வரிசையும் ஊர்ந்து செல்வதை இன்றும் பார்க்கலாம். அந்த லொறிகள் பனியைக் கொண்டுபோய்க் கொட்டும் இடங்களில் மிகப் பெரியது பிரான்கோன் என்ற பழைய கற்குழி. அது சிக்கார் பிறந்த சென்-லெயோனாருக்கு அயலில் இருக்கிறது. அங்கே குவியும் பனிமலை கோடை வந்தபின்னும் முழுதாகக் கரைவதில்லை.

பால் கொண்டுபோக வழியின்றி நின்ற ஒரு பண்ணை வீட்டுப் பையனின் கேள்விக்கு விடை கிடைக்க 30 ஆண்டுகள் எடுத்தன. அந்த விடையின் பயனை அனுபவிக்கும் நம்முடைய உறவுகள், அடுத்த பனிக்காலத்தில் 5 தொன் பாரத்தை முதுகால் வெல்லலாம் என்று எண்ணாதிருந்தால் அதுவே போதும்.