கோல் கம்பத்தில் நின்ற ஆறுமுகம்

தோட்டத் திடலில் பந்து விளையாடியவர்களுக்குத் தெரியும், கோல் கம்பத்தில் நிற்க யாரும் சுலபத்தில் முன்வர மாட்டார்கள். கடைசியாக வந்தவனையோ ஓட முடியாதவனையோதான் அங்கே தள்ளிவிடுவார்கள். சுங்கை காடுட் பக்கமானாலும் சரி, நாட்டின் வேறு எந்தத் தோட்டமானாலும் சரி, கோல் அடித்தவனுக்குத்தான் கைதட்டு. அந்தக் கைதட்டைத் தடுப்பவர் பக்கம் திருப்பிய ஒரு தமிழர் இருந்தார். மலேசியக் காற்பந்து ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்த ஆர். ஆறுமுகம்தான் அவர்.

ஆறுமுகம் ரெங்கசாமி 1953 ஜனவரி 31-இல் பிறந்தார். சிலாங்கூர் மாநில அணியில் வளர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் தேசிய அணிக்குள் வந்தார். நீண்ட கைகள், உயரம், பந்து வரும் முன்பே பாயும் வேகம். எட்டாத மூலைக்குப் போகும் பந்தையும் அவர் கைகள் எட்டிப் பிடித்ததால்தான் அந்தப் பட்டப் பெயர் வந்தது.

அவர் சேர்ந்த நேரம் நல்ல நேரம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்து அணி ஆடிவிட்டு வந்திருந்தது. 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுத் தங்கம் நம்முடையதானது. முன்னால் கோல் அடிக்க மொக்தார் டஹாரி, நடுவில் தற்காப்புக்குச் சோ சின் ஆன், சந்தோக் சிங், அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என ஒரே அணியில் நின்ற அந்த வரிசையை அன்றைய ரசிகர்கள் இன்றும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

அக்காலத்தில் தற்காப்பு வீரர் காலால் பின்னுக்குத் தள்ளிவிடும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கலாம். 1992-இல்தான் அந்த விதி மாறியது. ஆகவே நெருக்கடியில் பந்து ஆறுமுகத்தின் கைக்கே வந்து சேரும். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் திரும்பிப் பார்க்காமல் பந்தைப் பின்னுக்கு விடலாம் என்றால், பின்னால் நிற்பவர் மேல் அவ்வளவு நம்பிக்கை வேண்டும். கோல் போட்டால் கணக்கில் ஏறும். தடுத்த கோல்களுக்கு அன்று யாரும் பெரிதாகக் கணக்கு வைத்ததில்லை. கோல்காவலரின் பெயர் நிற்பது அந்த நம்பிக்கையில்தான்.

1980 ஏப்ரலில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய சோதனை வந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணி தென்கொரியா. 1-1 என்று இழுபறியாக இருந்தபோது ஜேம்ஸ் வோங் அடித்த கோலால் மலேசியா 2-1 என வென்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒலிம்பிக் வாசல் திறந்தது.

ஆனால் அந்த வாசலுக்குள் அவர்கள் நுழையவே இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. மலேசியாவுக்குப் பதிலாக ஈராக் போனது. திடலில் யாரிடமும் தோற்காமலேயே ஆறுமுகமும் தோழர்களும் ஒலிம்பிக்கை இழந்தார்கள். விளையாட்டாளருக்கு இளமை கொஞ்ச காலம்தான். அடுத்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று முதல் இன்று வரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவும் இல்லை.

அதன் பிறகும் ஆறுமுகம் கையுறையைக் கழற்றி வைத்துவிடவில்லை. 1980-களிலும் அவர் தொடர்ந்து கோல் காத்தார். 1988 டிசம்பர் 18-இல் சாலை விபத்தொன்று அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 35. மூன்று ஆண்டுகள் கழித்து, 1991-இல், மொக்தார் டஹாரியும் நோயுற்று 37 வயதில் மறைந்தார். முன்னால் அடித்தவரும் பின்னால் தடுத்தவரும் நாற்பதைத் தொடாமலேயே போய்விட்டார்கள்.

2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த 1980 அணியின் கதையை அடிப்படையாகக் கொண்டது. அதில் வரும் கோல்காவலர் முத்துவைப் பார்த்து நம் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஆறுமுகம் என்று ஓர் உண்மையான மனிதர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் ஆட்டத்தை நேரில் கண்டவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நம் வீட்டுத் தாத்தாவோ பக்கத்து வீட்டு மாமாவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். இந்த வாரம் அவர்களை உட்கார வைத்து, ஆறுமுகம் எப்படிப் பாய்ந்து பந்தைப் பிடிப்பார் என்று பிள்ளைகள் முன்னால் கேளுங்கள். அவர் தடுத்த கோல்கள் எந்த ஏட்டிலும் இல்லை, இவர்கள் நினைவில்தான் இருக்கின்றன.