நல்ல கேள்வி கேட்ட பிள்ளை

பாடசாலை விட்டு வந்ததும் என் உம்மா விசாரிப்பது புள்ளியைத்தான். இசிடோர் ராபியின் தாயோ, இன்று நல்ல கேள்வி ஏதும் கேட்டாயா என்றுதான் விசாரிப்பாராம். 1898இல் இன்றைய போலந்தில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயோர்க் போன ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். அணுக்கருவின் காந்தத் தன்மையை எப்படி அளப்பது என்பதே வளர்ந்தபின் அவர் கேட்ட கேள்வி. 1938இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், காந்தப்புலத்தினூடே பாயும் மூலக்கூறுகளுக்கு வானொலி அலையைக் கொடுத்து, குறித்த மீடிறனில் மட்டும் கருக்கள் திசை புரள்வதைக் கண்டார். அந்தப் பரிவு முறைக்கு 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே பரிவால் குருதியையும் படிக்கிறார்கள். உடலில் அழற்சி கூடினால், குருதிப் புரதங்களில் ஒட்டியுள்ள வெல்லங்களின் சைகை உயர்கிறது. நோயாளிகளை நினைத்து அவர் தொடங்கியதல்ல இது. 1988இல் இறக்குமுன் அவரையே எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் படுக்க வைத்தார்கள். அதன் உட்புறத்தில் தன் முகம் தெரியக் கண்டாராம்.