பார்வையற்றோர் பள்ளி கண்ட வாலண்டின் ஹவுயி

பார்வையற்ற மாணவர் ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்தபின் எப்பணிக்குச் செல்வார் என்னும் வினா இன்று இயல்பாக எழுகிறது. ஆசிரியர், இசைவாணர், வழக்கறிஞர், வங்கி அலுவலர் என அதற்கு விடைகளும் பல உள்ளன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வினாவை எழுப்புவாரே இலர். ஐரோப்பிய நகரங்களில் பார்வையற்ற ஏழைச் சிறுவனுக்குப் பெரும்பாலும் வாய்த்த தொழில் தேவாலய வாயிலில் கையேந்துவதே. அந்நிலையை மாற்ற முற்பட்டவர் பிரான்சு நாட்டினரான வாலண்டின் ஹவுயி.

அவர் வடபிரான்சில் பிக்கார்டிப் பகுதியைச் சேர்ந்த சென் ஜுஸ்ட் என்னும் சிற்றூரில் 1745ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எளிய நெசவாளர். தமையனார் ரெனே ஜுஸ்ட், படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறிவியலறிஞர். உடன்பிறந்தார் இருவரும் அவ்வூர்த் துறவியர் மடத்தில் தொடக்கக் கல்வி பெற்றுப் பாரிசு நகரம் சென்றனர். இளையவருக்கு மொழிகளில் நாட்டம் மிகுதி. பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, அரசரின் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். பிறர் படிக்கவியலாத பழைய கையெழுத்துகளையும் மறைகுறி மடல்களையும் படித்தறிவதில் அவர் வல்லவர். எழுத்தே அவருக்குச் சோறிட்டது எனலாம். எழுத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள இத்தொடர்பை அவர் பிறர் பொருட்டும் எண்ணிப் பார்த்ததே அவர் வரலாற்றின் சிறப்பு.

பாரிசு நகரில் பார்வையற்றோர்க்கென ஒன்பதாம் லூயி மன்னர் 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய அறச்சாலை ஒன்று உண்டு. அங்குத் தங்குவோர் தொகை முந்நூறு என்பதால் பதினைந்து இருபதுகள் என்னும் பொருளுடைய பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அறச்சாலையில் உறைவிடம் கிடைத்தது. ஆயினும் அங்கிருந்தோர் தெருக்களில் இரந்து வாழ்வதும் வழக்கமாயிருந்தது.

1771ஆம் ஆண்டு சென் ஓவிட் என்னும் சந்தைக்கு ஹவுயி சென்றார். அங்கே சிற்றுண்டிக் கடை ஒன்றின் முன் மேடையிட்டு, பார்வையற்றோர் சிலரை அமர்த்தியிருந்தனர். அவர்கள் தலையில் கூம்புத் தொப்பிகள். முகத்தில் அட்டையால் செய்த பெரிய மூக்குக் கண்ணாடிகள். அவர்கள் காணவியலாத இசைத்தாள்களை அவர்கள் முன்னே விரித்து, விளக்கும் ஏற்றி வைத்திருந்தனர். கையிலிருந்த கருவிகளை அவர்கள் சுருதியின்றி மீட்ட, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கடைக்காரருக்கு நல்ல வணிகம் நடந்தது. ஹவுயிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாந்தரும் அன்று கூலிக்கே வேலை செய்தனர் என்பது எண்ணத்தக்கது. மானத்தை விற்றே பெறவேண்டிய கூலி அது. அவர்கள் உண்மையாகவே படிக்கவும், உண்மையாகவே இசைக்கவும், உண்மையாகவே உழைத்துப் பொருளீட்டவும் வழி காணவேண்டும் என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் ஊன்றியது.

எண்ணம் செயலாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்தில் பாரிசில் துறவி தெ லெப்பே என்பார் செவித்திறனற்ற சிறுவர்களுக்குச் சைகை வாயிலாகக் கல்வி புகட்டிவந்தார். அவர்தம் பாடங்களை ஹவுயி நேரிற்கண்டார். செவியின் பணியைக் கண் செய்யுமாயின் கண்ணின் பணியை விரல் செய்யாதோ என்று ஆராயலானார். 1784இல் வியன்னா நகரிலிருந்து வந்த மரியா தெரேசியா பாராடிஸ் என்னும் பார்வையற்ற இசையரசி பாரிசில் பியானோ இசைத்துப் பெரும்புகழ் பெற்றார். அட்டையில் ஊசியால் குத்திய எழுத்துகளை அவர் விரலால் தடவிப் படிப்பதை அறிந்து ஹவுயி ஊக்கம் கொண்டார்.

பாராடிஸ் செல்வர் வீட்டுப் பெண். அவருக்கு ஆசிரியர்கள் பலர் வாய்த்தனர். ஏழைக்கு யார் வாய்ப்பார்? ஹவுயி தேடிய முதல் மாணவன் சென் ஜெர்மேன் தே பிரே தேவாலய வாயிலில் கையேந்தி நின்றான். அவன் பெயர் பிரான்சுவா லெசுயர். அகவை ஏறத்தாழ 17. பிறந்த சில வாரங்களிலேயே பார்வை இழந்தவன். அவன் இரந்து பெறும் காசே வீட்டாரின் வாழ்வுக்கு உதவியது. ஆகவே, படிக்க வா என்று அழைத்தால் அவனால் வரவியலாது. ஒருநாள் படித்தால் அன்றைய வருமானம் போய்விடும். இதனை உணர்ந்த ஹவுயி, அவன் இரந்து பெறும் தொகையைத் தாமே தருவதாக ஒப்புக்கொண்டு அவனை அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் எத்தனையோ அரசுகள் உதவித்தொகை என்னும் பெயரில் செய்ததை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் தொடங்கினார்.

மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவி லெசுயர் விரைவில் சொற்களைக் கோக்கக் கற்றான். ஒருநாள் ஆசிரியரின் மேசைமேல் கிடந்த தாள்களைத் தொட்டவன், அவற்றுள் ஒன்றின் பின்புறத்தில் எழுத்தின் தடம் புடைத்திருப்பதை உணர்ந்து சொன்னானாம். இறப்புச் செய்தி அச்சிட்ட தடித்த அட்டை அது. அழுத்தமாக அச்சிட்டதால் எழுத்துகள் மறுபுறம் மேடிட்டிருந்தன. ஹவுயி அப்போதே ஒரு முறையை வகுத்தார். அச்செழுத்துகளை வழக்கம்போல் இடவல மாற்றாமல் நேராகவே வார்த்து, ஈரமாக்கிய தடித்த தாளில் அழுத்தினால், மறுபுறத்தில் விரலுக்கு எட்டும் புடைப்பெழுத்துக் கிடைக்கும். பார்வையற்றோர் படிப்பதற்கென நூல்கள் அச்சாகத் தொடங்கியது இவ்வாறே.

சிறார் சிலரைப் பேணிவந்த பாரிசு நகர அறக்கழகம் ஒன்று லெசுயரின் தேர்ச்சியைக் கண்டு, பார்வையற்ற பன்னிரு குழந்தைகளை ஹவுயியிடம் ஒப்படைத்தது. 1785இல் பள்ளி உருவாயிற்று. பார்வையற்ற சிறார்க்கென உலகில் எழுந்த முதற்பள்ளியாக அது போற்றப்படுகிறது. படித்தல், எழுதுதல், கணக்கு, நிலநூல், இசை ஆகியவற்றோடு நூல் நூற்றல், பின்னுதல், வலை முடைதல், கயிறு திரித்தல், புத்தகம் கட்டுதல் எனக் கைத்தொழில்களும் அங்குப் பாடமாயின. எல்லாவற்றினும் சிறந்தது அச்சுத்தொழில். மாணவர்கள் பெட்டியின் எவ்வறையில் எவ்வெழுத்து உள்ளது என்பதை நினைவிற்கொண்டு, விரலால் தேர்ந்து, வரி வரியாகக் கோத்தனர். தமக்கான புடைப்பு நூல்களை மட்டுமன்றி, பார்வையுள்ளோர்க்கான அறிவிப்புகளையும் மைகொண்டு அச்சிட்டுக் கொடுத்தனர். சந்தையில் எள்ளி நகைத்த அதே ஊர் இப்போது அவர்களிடம் வேலை கொடுத்துக் கூலி கொடுக்க வந்தது.

1786ஆம் ஆண்டு டிசம்பரில் வெர்சேல்சு அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் முன்னிலையில் இம்மாணவர்கள் தம் திறங்களை அரங்கேற்றினர். அவ்வாண்டிலேயே பார்வையற்றோர் கல்வி குறித்து ஹவுயி இயற்றிய நூல் வெளிவந்தது. அதனை அச்சிட்டோரும் அம்மாணவர்களே. லெசுயர் அப்பள்ளியிலேயே இளையோர்க்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார். அங்குப் பயின்ற பெஞ்சோன் என்பார் பின்னர் ஆஞ்சே நகரில் பார்வையுள்ள மாணவர்க்கே கணிதம் கற்பிக்கும் பேராசிரியரானார்.

ஹவுயியின் முறையில் குறையும் இருந்தது. பார்வையற்றோர் ஏனையோரிடமிருந்து பிரிந்து நிற்கலாகாது என்னும் கருத்தினால் அவர் பொது எழுத்தையே புடைப்பாக்கினார். அவ்வெழுத்து கண்ணுக்கு அழகியது. விரலுக்கோ மெல்லப் புலப்படுவது. தடித்த தாள்களால் நூல்கள் சுமக்கலாகாப் பாரமாயின. மாணவர் தாமே எளிதில் எழுதிக் குறிப்பெடுக்கவும் அம்முறை போதவில்லை. நல்லெண்ணமே சில வேளைகளில் நல்ல கருவிக்குத் தடையாகிவிடுகிறது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆதரித்த செல்வர்கள் சிதறினர். 1791இல் பள்ளியை அரசு ஏற்று, செவித்திறனற்றோர் பள்ளியுடன் ஒரே கட்டடத்தில் வைத்தது. இரு சாராரும் ஒருவரோடொருவர் உரையாட வழியின்றி இடர்ப்பட்டனர். மூன்றாண்டுகளுக்குப்பின் பிரிந்த அப்பள்ளிக்கு 1795இல் பார்வையற்ற உழைப்பாளர் தேசிய நிறுவனம் என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. உழைப்பாளர் என்னும் அச்சொல்லே ஹவுயி பெற்ற பெருவெற்றி. எனினும் பெயர் வயிற்றை நிரப்பவில்லை. பணமும் உணவும் அரிதாயின. ஹவுயி அரசியலிலும் புதுச் சமய இயக்கம் ஒன்றிலும் ஈடுபட்டுப் பகையையும் தேடிக்கொண்டார்.

1801இல் நெப்போலியனின் ஆட்சி, செலவைச் சுருக்கக் கருதி, பள்ளியை அந்தப் பழைய முந்நூற்றுவர் அறச்சாலையோடு இணைத்தது. எங்கிருந்து சிறுவர்களை மீட்க அவர் பாடுபட்டாரோ அங்கேயே அவர்கள் மீண்டும் சென்று சேர்ந்தனர். அங்குக் கல்வி தேய்ந்தது. கைவேலையே பெரிதும் எஞ்சியது. எழுத்தின்றித் தொழில் மட்டும் கற்பித்தால் அது பள்ளியாகாது, வெறும் பட்டறையாகும் என்பதே ஹவுயியின் மனக்குறை. 1802இல் அவர் பதவி இழந்தார். தாமே ஒரு தனிப்பள்ளி தொடங்கினார், அது தழைக்கவில்லை.

உருசியப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் தம் நாட்டில் இத்தகைய பள்ளி அமைக்க அவரை அழைத்தார். 1806இல், அறுபது அகவை கடந்த ஹவுயி, தம் பார்வையற்ற மாணவர் பூர்னியே என்பாருடன் புறப்பட்டார். வழியில் பெர்லின் நகரில் பிரசிய மன்னர் அவர்தம் முறையைக் கண்டு மகிழ்ந்தார். அவ்வாண்டே அங்கும் ஒரு பள்ளி எழுந்தது. உருசியாவிலோ அவர் எதிர்பார்த்த ஆதரவு அமையவில்லை. அந்நாட்டில் பார்வையற்றோரே இல்லையென்று அதிகாரிகள் கூறியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. ஆயினும் பதினோராண்டுகள் பொறுமையுடன் அங்கே கற்பித்தார்.

1817இல் முதியவராய்ப் பாரிசு திரும்பினார். பள்ளி அதற்குள் அறச்சாலையிலிருந்து பிரிந்து தனித்து இயங்கிக்கொண்டிருந்தது. அதனைக் கண்டவர் வந்தபோது அப்போதைய தலைவர் அவரை உள்ளே விடவில்லை. நான்காண்டுகள் கழிந்தன. 1821இல் பிஞ்ஞே என்பார் தலைமையேற்றதும் முதற்கடமையாக ஹவுயிக்குச் சிறப்பு விழா எடுத்தார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்து இசை நிகழ்த்தினர். அன்று அப்பள்ளியில் பயின்றுகொண்டிருந்தவர்களுள் பன்னிரண்டு அகவைச் சிறுவன் லூயி பிரெயிலும் ஒருவன். சில ஆண்டுகளில் அவன் விரலுக்கு உகந்த புள்ளியெழுத்தைப் படைத்து, ஹவுயியின் புடைப்பெழுத்து விட்ட குறையை நிரப்பினான்.

1822ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹவுயி காலமானார். தமையனார் ரெனே ஜுஸ்டும் அவ்வாண்டு சூன் திங்களில் மறைந்தார். பாரிசில் இன்றும் இயங்கும் அப்பள்ளியின் முற்றத்தில் ஹவுயியின் சிலை நிற்கிறது. அவர் அருகே, தேவாலய வாயிலிலிருந்து அழைத்து வந்த லெசுயர் அமர்ந்திருக்கிறான்.