ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்

ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியில் மாலைவேளையிற் படகு செலுத்துவோரைக் காணும்போதெல்லாம், காற்றையே துணையாகக் கொண்டு சிறு படகு செலுத்தும் கலைக்கு நம் நகரில் ஒரு சங்கம் கண்டவரின் நினைவு எனக்கு எழுவதுண்டு. அவரே ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமாநுஜனின் வரலாற்றைப் பயின்றோர் இப்பெயரை அறிவர். பாய்ப்படகிற் பற்றுடையவராக அவரை அறிந்தோர் சிலரே.

அன்னார் 1849ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியிற் பயின்று, 1870இல் இந்திய அரசாங்கத்தின் பொறியியல் அலுவலில் அமர்ந்தார். ஆற்றின் போக்கைக் கரைகளால் நெறிப்படுத்தும் முறைபற்றி 1903இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் தலைமை அவரை வந்தடைந்தது.

அத்துறைமுகமோ அந்நாளில் ஒரு துன்பக் கதை. 1881 நவம்பரில் அடித்த புயல், முடியுந்தறுவாயில் இருந்த அலைதாங்கிகளை உடைத்தெறிந்தது. மீளக் கட்டிய பின்னரும் அதன் வாயில் கிழக்கு நோக்கியிருந்தமையின், அலைகள் தடையின்றி உட்புகுந்து கப்பல்களை அலைக்கழித்தன. ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கிற் புதுவாயில் அமைத்தார். துறைமுகத்தின் தென்பாற் குவியும் மணலின் இயக்கத்தையும் நுணுகி ஆராய்ந்தார்.

1911இல், தமது அறுபத்திரண்டாம் வயதில், பாய்ப்படகுச் சங்கத்தை நிறுவினார். சென்னைக்குப் பாய் விரிக்கக் கற்பித்தவர் அவரே என்று கூறின், தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரம் ஊர்ந்த நம் மீனவர்க்கு அநீதி செய்தவராவோம். எனினும், பிறர் பொழுதுபோக்காகவேனும் இக்கலையைப் பயில ஓர் இடம் வாய்த்தது அவரால் அன்றோ? அலையை அடைத்தாயிற்று, காற்றை அடைப்பார் யார்?

புதியவன் அஞ்சவேண்டுவது இக்காற்றின் நிலையாமையையே. ஆனி, ஆடித் திங்களிற் காலையில் மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனொடு செல்லுதல் எளிது, மீளுதலே அரிது. பின்னர் அது தளரும். பாய் துவண்டு தொங்க, படகு நின்றவிடத்தே நிற்கும். நினையாத கணத்தில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று பாய்ந்து வரும். படகு ஒருபுறம் சாயக் கண்ட புதியவன் பாய்க்கயிற்றை இறுகப் பற்றுவான். அதுவே கவிழ்வதற்கு வழி. கயிற்றை நெகிழ்த்து, சுக்கானைத் திருப்பிப் படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே கொணர்ந்து, தன் உடற்பாரத்தை உயர்ந்த புறத்தில் வைத்தல் வேண்டும். காற்றை எதிர்த்துச் செல்லவோ நேர்வழி இல்லை. இடமும் வலமுமாக மாறிமாறிக் குறுக்கே ஓடியே முன்னேறல் வேண்டும்.

இவை யாவற்றினும் கொடிது மாலை இடிமழை. பூவிருந்தவல்லி, அம்பத்தூர்ப் பக்கம் மேல்வானம் கருத்தால் நாம் மாடியில் உலர்த்திய துணியை எடுக்க விரைகின்றோம். அதே முகில் சிறிது நேரத்திற் கடற்கரையிற் சூறையாய் இறங்கக்கூடும். ஆதலின் படகோட்டி மேற்றிசையில் ஒரு கண் வைத்து, காற்று வந்தபின் அன்று, வருமுன்னரே பாயை இறக்குதல் வேண்டும்.

1912 மார்ச்சு முதல் நாள், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் ஓர் எழுத்தர் அமர்ந்தார். அவரே இராமாநுஜன். மேலலுவலர் எஸ். நாராயண ஐயர் வாயிலாக அவ்விளைஞரின் ஆற்றலை உணர்ந்த ஸ்பிரிங், கணக்கேட்டிலேயே அவரை இறுக்கிவைக்க முற்படவில்லை. அக்கணிதத்தை மதிப்பிடவல்லாரை நாடினார். அரசாங்கத்தாரிடமும் பரிந்து பேசினார். 1913இற் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அளித்தது. துறைமுகத் தலைவர் ஒருவரின் வாழ்வில் இஃது ஒரு சிறு செய்தியே; ஆயினும் அவர் கட்டிய சுவர்களினும் இதனையே நான் பெரிதாக எண்ணுகின்றேன். 1914 மார்ச்சு 17ஆம் நாள், ‘நெவாஸா’ என்னும் கப்பல் இராமாநுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையினின்றும் புறப்பட்டது.

அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் ‘எம்டன்’ நகரின்மேற் குண்டு பொழிந்தபோதும் ஸ்பிரிங் துரையே துறைமுகத் தலைவர். 1919இல் அப்பதவியை விட்டு நீங்கினார், 1933இல் மறைந்தார். துறைமுகத்துள் அவர் பெயர் தாங்கிய ஸ்பிரிங்ஹேவன் பகுதி இன்றும் உளது. அவர் கண்ட சங்கத்தின் சிறு பாய்ப்படகுகள் ஆங்கிருந்தே கடற்காற்றை எதிர்நோக்கிப் புறப்படுகின்றன.